மாமா பிறந்தநாளுக்கு வாங்கித் தந்த 20,000 ஸ்ட்ரீம்: பாட்டை எப்படிக் காப்பாற்றுவது?

உப்புவெளிக் குரல் | வியாழன், இரவு 11:20

நீளமாக எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். நான்கு நாளாக வீட்டில் யாரிடமும் சொல்லாமல் வைத்திருக்கிற விஷயம்.

நான் இருப்பது உப்புவெளி. பகலில் திருகோணமலை மத்திய வீதியில் ஒரு மருந்துக் கடையில் வேலை, இரவில் பாட்டு. ஸ்டூடியோ என்று ஒன்றும் இல்லை. அறை ஜன்னலில் மெத்தையைச் சாத்தி, கதவுக்கு அடியில் துவாயைச் செருகி, பக்கத்து வீட்டு நாய் அடங்கிய பிறகு பதிவு செய்வேன். மாசியில் என் முதல் பாட்டை வெளியிட்டேன். கரைவலை இழுப்பவர்கள் பாடும் அம்பாவின் ஓசையில் தொடங்கும். கடல் சத்தம் டச்சு விரிகுடாவில் போனில் பிடித்தது. உற்றுக் கேட்டால் நடுவில் ஓர் ஓட்டோவின் ஹோர்னும் கேட்கும். அதை வெட்டி எடுக்க மனம் வரவில்லை.

மூன்று மாதத்தில் ஸ்பொட்டிஃபை இசைத் தளத்தில் 312 ஸ்ட்ரீம், அதாவது பாட்டு அத்தனை முறை ஓடியிருக்கிறது. சிரிக்க வேண்டாம். அதில் பாதியை யார் கேட்டார்கள் என்று ஆள் ஆளாகச் சொல்வேன். சித்திரை வருடப்பிறப்பன்று மட்டும் 27 வந்தது. கடை முதலாளியின் மகள் தன் வகுப்பு வட்ஸ்அப் குழுவில் போட்டிருந்தாள்.

போன மாதம் எனக்குப் பிறந்தநாள். கனடாவில், டொரொண்டோவின் ஸ்காபரோவில் இருக்கும் மாமா, அம்மாவின் தம்பி, "உனக்கொரு பரிசு வருது, பார்த்துக்கொண்டிரு" என்று குரல் அனுப்பினார். நல்ல மைக் ஒன்று வருகிறது என்று நினைத்துக்கொண்டேன். பார்சல் எதுவும் வரவில்லை. மூன்றாம் நாள் காலை பார்த்தால் ஸ்ட்ரீம் 4,000. ஐந்தாம் நாள் 7,000. பிறகு 11,000. உண்மையைச் சொல்கிறேன், துள்ளிக் குதித்தேன். அம்மா பத்திரகாளி அம்மன் கோயிலுக்குப் போய் என் பெயருக்கு அர்ச்சனை செய்துவிட்டு வந்தார். அந்த அர்ச்சனை எந்தக் கம்ப்யூட்டரின் நட்சத்திரத்துக்குப் போய்ச் சேர்ந்ததோ.

பிறகுதான் மாமா விளக்கினார். இன்ஸ்டாகிராமில் விளம்பரம் பார்த்து ஒரு புரொமோஷன் கொம்பனிக்கு 79 டொலர் கட்டியிருக்கிறார். "20,000 உண்மையான கேட்பவர்கள், நூறு வீதம் உத்தரவாதம்." மாமா இரவு வேலை செய்கிறவர். 79 டொலருக்கு அவர் எத்தனை மணி நேரம் நிற்க வேண்டும் என்று எனக்குத் தெரியும்.

போன ஞாயிற்றுக்கிழமை, பாட்டை ஏற்றித் தந்த டிஸ்ட்ரிபியூட்டரிடமிருந்து மின்னஞ்சல். பாட்டில் செயற்கை ஸ்ட்ரீம் (மனிதர் கேட்காமல் கம்ப்யூட்டர் ஓட்டியது) கண்டறியப்பட்டுள்ளது, தொடர்ந்தால் அபராதம் என் கணக்கில் கழிக்கப்படும், பாட்டு நீக்கப்படவும் கூடும் என்று எழுதியிருக்கிறார்கள். என் கணக்கில் இதுவரை சேர்ந்திருப்பது 61 சதம். அமெரிக்கச் சதம்தான், ஆனாலும் 61. எதில் கழிப்பார்களோ தெரியவில்லை.

பாட்டை நானே இறக்கிவிடுவதா? ஆடியில் வெளியிட அடுத்த பாட்டுத் தயாராக இருக்கிறது, அதுவும் அடிபடுமா? இதற்கெல்லாம் மேலாக, மாமாவிடம் எப்படிச் சொல்வது? பாட்டு ஓடுகிறது என்று அங்கே எல்லோரிடமும் சொல்லிவிட்டாராம்.

இன்னொன்று. அந்த எண் ஏறியதிலிருந்து, பாட்டைப் பரப்பித் தருகிறோம் என்று தினமும் மூன்று நான்கு பேர் இன்ஸ்டாகிராமில் வருகிறார்கள். ஒருவர் தன்னை ஸ்பொட்டிஃபை எடிட்டர், அங்கே பிளேலிஸ்ட் தொகுப்பவர், என்கிறார். இவர்களில் யாரை நம்புவது?

---

பழைய ஃபேடர் | வெள்ளி, காலை 6:05

தங்கச்சி, அவசரப்பட்டுப் பாட்டை இறக்க வேண்டாம். அதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. மாமா வாங்கியது 20,000, வந்தது 11,000. மீதி 9,000 இன்னும் வழியில் இருக்கிறது. இவர்கள் ஒரேயடியாகக் கொட்டுவதில்லை, நாளுக்குக் கொஞ்சமாக விடுவார்கள். ஆகவே மாமாவிடம் எப்படிச் சொல்வது என்றால், எப்படியாவது, ஆனால் இன்றைக்கே. ஓடரை நிறுத்தச் சொல்லி அவர் அவர்களுக்கு எழுத்தில் கேட்க வேண்டும். அந்த உரையாடலின் ஸ்கிரீன்ஷொட் உங்கள் கையில் இருக்க வேண்டும்.

அபராதம் என்பது வெறும் மிரட்டல் இல்லை. ஒரு பாட்டின் ஸ்ட்ரீமில் 90 வீதத்துக்கு மேல் செயற்கை என்று கண்டால், 2024 முதல் ஸ்பொட்டிஃபை டிஸ்ட்ரிபியூட்டரிடம் பாட்டுக்கு மாதம் 10 யூரோ அளவில் அறவிடுகிறது. டிஸ்ட்ரிபியூட்டர் அதைத் தன் பையிலிருந்து கட்டுவாரா? உங்களிடம் தள்ளிவிடுவார். இப்போது அந்த 90 வீதத்தை உங்கள் பாட்டில் வைத்துப் பாருங்கள். மாதத்துக்கு நூறு பேர் உண்மையாகக் கேட்கும் இடத்தில் 11,000 போலி விழுந்திருக்கிறது. 99 வீதம் பொய். இதே 11,000 ஒரு பெரிய பாடகரின் பாட்டில் விழுந்திருந்தால் கடலில் கொட்டிய ஒரு வாளித் தண்ணீர், யாருக்கும் தெரியாது. நாம் சின்ன ஆட்கள் என்பதாலேயே மாட்டுகிறோம்.

அந்த 61 சதம் வேறு தளங்களிலிருந்து வந்திருக்க வேண்டும். ஸ்பொட்டிஃபையில் முந்தைய 12 மாதத்தில் 1,000 ஸ்ட்ரீம் தாண்டாத பாட்டுக்கு ரோயல்டியே கிடையாது, அதுவும் 2024இல் வந்த விதிதான். விற்பவர்கள் பலர் இதைச் சொல்லியே பிடிக்கிறார்கள்: "ஆயிரத்தைத் தாண்ட வைக்கிறோம், பிறகு காசு வரத் தொடங்கும்" என்று. வராது. செயற்கை என்று கண்டதைக் கணக்கிலிருந்து எடுத்துவிடுவார்கள், அதற்குக் காசும் தரமாட்டார்கள்.

எனக்கு இது எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். 2022இல் நானே கட்டினேன். ஸ்பொட்டிஃபை இலங்கைக்கு வந்ததே 2021 பெப்ரவரியில். அதுவரை எங்களுக்கு யூடியூப்பும் ஃபேஸ்புக்கும்தான். ஸ்பொட்டிஃபை காட்டும் அட்டவணைகளை எப்படிப் படிப்பது என்று தெரியாத காலம். எங்கள் குழுவின் மூன்று பாட்டுக்கு ஒரு ஏஜென்ட், பெயர் வேண்டாம், 25,000 ரூபாய் கேட்டார், வங்கியில் போட்டேன். அது பெட்ரோல் வரிசைக் காலம். மோட்டார் சைக்கிளை வரிசையில் விட்டுவிட்டு மதில் நிழலில் குந்தியிருந்து, போனில் எண் ஏறுவதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பெட்ரோல் வரவில்லை, ஸ்ட்ரீம் மட்டும் வந்துகொண்டே இருந்தது. அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். ஆறு வாரத்தில் மூன்று பாட்டையும் தூக்கிவிட்டார்கள். ஏஜென்டின் நம்பர் வேலை செய்யவில்லை.

பிறகுதான் ஸ்பொட்டிஃபை ஃபோர் ஆர்ட்டிஸ்ட்ஸில், பாட்டுக்காரர்கள் தங்கள் பாட்டின் கணக்கைப் பார்க்கும் இடத்தில், நகரங்களின் பட்டியலைத் திறந்து பார்த்தேன். முதலிடத்தில் திருகோணமலையும் இல்லை, கொழும்பும் இல்லை. அமெரிக்காவின் வெர்ஜீனியாவில் ஆஷ்பர்ன் என்று ஓர் ஊர். அந்த ஊர் பெயர்போனது டேட்டா சென்டர்களுக்கு. எங்கள் பைலா அவ்வளவு பிடித்துப்போனது அங்கே அடுக்கி வைத்திருக்கும் சேர்வர்களுக்குத்தான்.

உங்களுடையதையும் திறந்து பாருங்கள். நகரங்கள், எந்தப் பிளேலிஸ்டிலிருந்து வந்தது, எத்தனை பேர் பாட்டைச் சேமித்தார்கள், இந்த மூன்றும் போதும். மனிதர்கள் கேட்பதில் ஓர் ஒழுங்கீனம் இருக்கும். சனி இரவு கூடும், திங்கள் காலை குறையும், யாரோ ஒருவர் பகிர்ந்த நாளில் மட்டும் எகிறும். உங்கள் சித்திரை 27 போல. பொட், அதாவது தானாகப் பாட்டை ஓட்டும் கம்ப்யூட்டர் நிரல், கேட்டால் கிராஃப் மொட்டைமாடி போல நேராக இருக்கும்.

---

சீசன் கிட்டார் | வெள்ளி, பகல் 1:40

அண்ணன் சொல்வதெல்லாம் சரி. ஆனால் மறுபக்கத்தையும் யாராவது சொல்ல வேண்டும். நான் வைகாசியிலிருந்து புரட்டாதி வரை நிலாவெளிப் பக்கம் ஹோட்டல்களில் வாசிக்கிறவன். வேலை கேட்டுப் போனால் மனேஜர் கிட்டாரைப் பார்ப்பதில்லை, போனைத்தான் எடுக்கிறார். எத்தனை ஃபொலோவர், எத்தனை வியூ. 400 என்று இருந்தால் தேநீர் தந்து அனுப்பிவிடுவார். எண்ணைப் பார்த்து வேலை கொடுக்கும் ஊரில் எண்ணை வாங்காதே என்று சொல்வது லேசு.

வாங்கினேன். மறைக்கவில்லை. இரண்டு வருடத்துக்கு முன், ஸ்ட்ரீம் இல்லை, இன்ஸ்டாகிராம் ஃபொலோவர் 14,000. வேலையும் கிடைத்தது. பிறகு அந்த மனேஜர் சொன்னார்: "தம்பி, உனக்குத்தான் இவ்வளவு ஆள் இருக்கே, ஒரு வெள்ளி இரவுக்கு டிக்கெட் போட்டு நடத்துவோம்." மறுக்க முடியுமா? பீச்சில் அறுபது கதிரை போட்டார்கள். வந்தது ஆறு பேர். அதில் இரண்டு பேர் என் மச்சான்மார், ஒருவர் ஹோட்டலிலேயே தங்கியிருந்த ஜெர்மன்காரர், அவரும் சாப்பிட்டு முடித்ததும் எழுந்து போய்விட்டார். அந்தச் சீசன் முழுக்க அந்தப் பக்கம் நான் தலை காட்டவில்லை.

ஆகவே வாங்கு என்று சொல்ல வரவில்லை. ஆசை எங்கிருந்து வருகிறது என்று சொன்னேன். அந்தத் தங்கச்சியின் மாமாவைப் பிழை சொல்ல எனக்கு வாய் வராது.

---

நேயர் விருப்பம் | வெள்ளி, மாலை 5:15

நான் திருகோணமலை அனுராதபுரச் சந்திப் பக்கத்தில் பிறந்து, இப்போது பாரிஸில் லாச்சப்பலுக்குக் கிட்ட இருக்கிறேன். எனக்கும் ஊரில் மருமக்கள் நான்கு பேர். அதனால் மாமாவின் பக்கம் நின்று எழுதுகிறேன்.

நாங்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது இலங்கை வானொலிக்கு நேயர் விருப்பத் தபாலட்டை எழுதுவோம். பெயர் நிறைய இருந்தால் பாட்டைப் போடுவார்கள் என்று ஒரு நம்பிக்கை. எங்கள் வீட்டில் ஆள் ஒன்பது. அட்டையில் பெயர் பதினொன்று. மற்ற இரண்டும் ஆட்டுக்குட்டிகள். ஒருநாள் அறிவிப்பாளர் அந்த இரண்டு பெயரையும் அழகாக வாசித்துவிட்டார். ஐயா சிரித்த சிரிப்பில் கையில் இருந்த தேநீர் சாரத்தில் ஊற்றிவிட்டது. பொட் என்று அப்போது யாருக்குத் தெரியும்?

இங்கே இரவு வேலை முடித்து வந்து, பனிக்குள் பஸ்ஸுக்கு நிற்கும்போது, மருமகள் பாடுகிறாள் என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று பிள்ளைக்கு விளங்காது. அவருக்கு ஏதாவது செய்ய வேண்டும். போனில் விளம்பரம் வருகிறது, கார்ட் கையில் இருக்கிறது, தட்டிவிட்டார். "ஏமாந்துவிட்டீர்கள் மாமா" என்று தொடங்காதே பிள்ளை. "மாமா, அந்தக் கொம்பனி என்னையும் உங்களையும் சேர்த்து ஏமாற்றிவிட்டது, நிறுத்த உங்கள் உதவி வேணும்" என்று தொடங்கு. வேலை கொடுத்தால் எந்த மாமாவும் கோபிக்க மாட்டார்.

இன்னொன்றும் கேள். 79 டொலர் ஒருமுறை கட்டியதா, மாதாமாதம் கழிவதா? என் நண்பர் ஒருவருக்கு வேறொரு விஷயத்தில் எட்டு மாதம் கழிந்துகொண்டே இருந்தது. பிறகுதான் கண்டார்.

---

உப்புவெளிக் குரல் | சனி, இரவு 10:50

ஐயா, உங்களுக்குக் கோயில் கட்டலாம். மாதாமாதம்தான். சின்ன எழுத்தில் போட்டிருக்கிறது. அடுத்த 79 கழிய ஒன்பது நாள் இருந்தது. மாமா வங்கியில் பேசி அந்தக் கொம்பனிக்குக் காசு போகாதபடி அடைத்து, கார்டையும் மாற்றிவிட்டார். கட்டியது திரும்பி வராது போலிருக்கிறது. "சொன்ன சரக்கு வந்துவிட்டதே, ஸ்ட்ரீம் காட்டுகிறதே" என்று கொம்பனிக்காரன் வாதாடுகிறானாம்.

நீங்கள் சொன்ன மாதிரியே தொடங்கினேன். மாமா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "அப்ப உன்ரை பாட்டை ஒருத்தரும் கேட்கேல்லையா?" என்றார். 312 தடவை கேட்டிருக்கிறார்கள் மாமா என்றேன். அதைச் சொல்லும்போது எனக்கே அது பெரிய எண்ணாகத் தெரிந்தது.

ஃபேடர் அண்ணா, திறந்து பார்த்தேன். ஏறக்குறைய எல்லாம் மூன்று பிளேலிஸ்டிலிருந்து. ஒன்றில் உடற்பயிற்சிப் பாட்டுகளுக்கு நடுவில் என் அம்பா. இன்னொன்றில் குழந்தைகளைத் தூங்க வைக்கும் இசை, அதற்கு நடுவிலும் நான், ஓட்டோ ஹோர்னோடு. எந்தக் குழந்தை தூங்கியிருக்கும்? 11,000 ஸ்ட்ரீமில் பாட்டைச் சேமித்தவர்கள் இரண்டு பேர். அதில் ஒருவர் மாமா. நகரங்களில் முதலாவது ஹெல்சிங்கி. கிராஃப் நீங்கள் சொன்ன மொட்டைமாடியேதான்.

இப்போது புதிதாக ஒன்று. ஓடரை நிறுத்தச் சொன்னதற்குக் கொம்பனி பதில் எழுதியிருக்கிறது: "எங்கள் பக்கத்திலிருந்து நிறுத்த முடியாது. உங்கள் ஸ்பொட்டிஃபை ஃபோர் ஆர்ட்டிஸ்ட்ஸ் கணக்கில் எங்களை அட்மினாகச் சேர்த்தால் இரண்டு நிமிடத்தில் நிறுத்திவிடுவோம்." மாமா எனக்கு அனுப்பி, "செய்துவிடு, தொல்லை முடியட்டும்" என்கிறார். செய்யலாமா?

---

பழைய ஃபேடர் | சனி, இரவு 11:02

வேண்டாம். வேண்டாம். வேண்டாம். கைவேலையை விட்டுவிட்டு இதை எழுதுகிறேன்.

ஓர் ஓடரை நிறுத்த உங்கள் கணக்கு எதற்கு? அவன் ஓட்டுவது அவனுடைய பிளேலிஸ்ட், அவனுடைய போலிக் கணக்குகள். அட்மினாக உள்ளே வந்தால் உங்கள் படத்தை மாற்றலாம், பக்கத்தின் பெயரில் எதையும் போடலாம், வேறு ஆட்களைச் சேர்க்கலாம். பிறகு பக்கத்தைத் திருப்பித் தரக் காசு கேட்பான். கடவுச்சொல்லை இப்போதே மாற்றுங்கள். கணக்கில் வேறு யாராவது அங்கத்தவராக இருக்கிறார்களா என்றும் பாருங்கள். மிச்சம் நாளை.

---

பழைய ஃபேடர் | ஞாயிறு, காலை 9:30

சரி, இப்போது ஆறுதலாக எழுதுகிறேன். வெளியே மழை, இன்று ரெக்கோர்டிங் இல்லை.

டிஸ்ட்ரிபியூட்டருக்கு இன்றே பதில் எழுதுங்கள். "எனக்கு ஒன்றும் தெரியாது" என்று எழுத வேண்டாம், எல்லோரும் எழுதுவது அதைத்தான். நடந்ததை நடந்தபடி எழுதுங்கள்: உறவினர் ஒருவர் எனக்குத் தெரியாமல் வாங்கினார், இந்தத் திகதியில் எனக்குத் தெரிய வந்தது, இந்தத் திகதியில் நிறுத்தச் சொன்னோம், இதோ ஸ்கிரீன்ஷொட், அந்த மூன்று பிளேலிஸ்டின் இணைப்பு இதோ. அந்தப் பிளேலிஸ்டுகளைப் பற்றி ஸ்பொட்டிஃபைக்கும் முறையிடுங்கள், அதற்கென்றே படிவம் வைத்திருக்கிறார்கள். ஒரு சதம்கூடக் கட்டாதவர்களுக்கும் இப்படி நடப்பது உண்டு. பொட் ஓட்டுகிறவர்கள் தங்கள் வாடிக்கையாளரின் பாட்டை மட்டும் ஓட்டினால் அப்பட்டமாகத் தெரியும் என்று, சம்பந்தமில்லாத பாட்டுகளையும் நடுவில் கலந்து விடுவார்கள். மீன் கூடையில் மேலே நல்ல மீனைப் பரப்புகிற மாதிரி.

இந்தக் களவு பெரிய அளவில் எப்படி நடக்கிறது என்று தெரிந்தால், 79 டொலர்க்காரன் எந்தப் படியில் நிற்கிறான் என்று விளங்கும். 2024 செப்டெம்பரில் அமெரிக்காவில் வட கரோலினாக்காரர் ஒருவர் மீது வழக்குப் போட்டார்கள். செயற்கை நுண்ணறிவால் லட்சக்கணக்கில் பாட்டு உண்டாக்கி, பொட்களை வைத்து அவற்றைக் கேட்க விட்டு, ஒரு கோடி டொலருக்கு மேல் ரோயல்டி எடுத்தார் என்பது குற்றச்சாட்டு. குற்றப்பத்திரிகையில் அவருடைய கணக்கே இருக்கிறது: 1,040 போலிக் கணக்குகள், ஒவ்வொன்றும் நாளுக்குச் சுமார் 636 பாட்டு, மொத்தம் நாளுக்கு 661,440 ஸ்ட்ரீம். ஒன்றுக்கு அரைச் சதம் வைத்தாலும் நாளுக்கு 3,307 டொலர். அவர் அதை ஒரு பாட்டில் கொட்டவில்லை. ஆயிரக்கணக்கான பாட்டுகளில் பரப்பினார், எந்தப் பாட்டிலும் எண் எகிறாது. கைதேர்ந்தவர் பரப்புகிறார். உங்களிடம் விற்கிறவன் ஒரே பாட்டில் 20,000 கொட்டுகிறான். மாட்டப் போவது அவன் இல்லையே.

இந்தக் காசு வானத்திலிருந்து வருவதும் இல்லை. சந்தாவும் விளம்பரமும் சேர்ந்த பணத்தில் ஸ்பொட்டிஃபை தன் பங்கை எடுத்த மிச்சம், யார் எத்தனை ஸ்ட்ரீம் என்ற விகிதத்தில் பிரிகிறது. ஒருவன் பொய்யாக எடுத்தால் அது மற்றப் பாட்டுக்காரர்களின் பங்கிலிருந்துதான். பிரான்சின் தேசிய இசை மையம் 2023 ஜனவரியில் வெளியிட்ட ஆய்வில், 2021இல் அந்த நாட்டில் நடந்த ஸ்ட்ரீம்களில் 1 முதல் 3 வீதம் வரை பொய் என்று கண்டார்கள், எண்ணிக்கையில் 100 கோடிக்கும் 300 கோடிக்கும் இடையில். கண்டுபிடிக்க முடிந்தது மட்டும் அவ்வளவு.

ஆடிப் பாட்டு. வெளியிடத் தாராளமாக வெளியிடலாம், ஆனால் இந்தப் பிரச்சினைக்கு டிஸ்ட்ரிபியூட்டரின் பதில் வந்த பிறகு. இரண்டாம் முறை இப்படி நடந்தால் கணக்கையே மூடக்கூடும். பாட்டை ஏற்றியதும், வெளியாகும் நாளுக்குக் குறைந்தது ஏழு நாள் முன்பாக, ஸ்பொட்டிஃபை ஃபோர் ஆர்ட்டிஸ்ட்ஸில் "பிட்ச்" செய்ய, அதாவது பாட்டைப் பற்றி எடிட்டர்களுக்கு எழுதி அனுப்ப, ஓர் இடம் இருக்கும். எடிட்டர்கள் பாட்டைப் பார்க்கும் வழி அதுதான். இலவசம். எடிட்டர் எடுக்காவிட்டாலும், உங்களை ஃபொலோ செய்பவர்களின் ரிலீஸ் ரேடாரில், அதாவது புதுப் பாட்டுகளின் பிளேலிஸ்டில், பாட்டு விழும். நான் மூன்று வாரம் முன்பே செய்துவிடுவேன். கரைவலை, அம்பா, டச்சு விரிகுடா, ஹோர்ன், எல்லாவற்றையும் அங்கே எழுதுங்கள். "உணர்வுபூர்வமான தமிழ்ப் பாட்டு" என்று எழுதினால் யாருக்கும் ஒன்றும் விளங்காது.

ஆகவே இன்ஸ்டாகிராமில் வந்த அந்த "எடிட்டர்" பொய். ஸ்பொட்டிஃபை எடிட்டர்கள் தொகுக்கும் எடிட்டோரியல் பிளேலிஸ்டில் இடம் காசுக்கு இல்லை. யார் விற்றாலும் பொய்தான், எத்தனை நீலக் குறி போட்டிருந்தாலும்.

காசு கொடுத்துச் செய்யக்கூடியதும் இருக்கிறது. சப்மிட்ஹப் போன்ற தளங்களில் சிறு தொகை கட்டினால் பிளேலிஸ்ட் வைத்திருப்பவர் பாட்டைக் கேட்டுப் பதில் சொல்வார். அந்தக் காசு கேட்பதற்கு, சேர்ப்பதற்கு இல்லை. "வேண்டாம்" என்று அவர் சொல்லலாம், எனக்குப் பெரும்பாலும் அதுதான் வந்தது. ஒருவர் மட்டும் பேஸ் அதிகம் என்று எழுதினார், பார்த்தால் உண்மைதான். ஃபேஸ்புக்கிலும் இன்ஸ்டாகிராமிலும் நீங்களே சின்ன விளம்பரம் போடலாம். ஊரையும் வயதையும் நீங்களே தெரிவு செய்யலாம். ஆள் வந்தால் வரும், வராவிட்டால் வராது, உத்தரவாதம் யாரும் தரமாட்டார்கள். எண்ணுக்கு உத்தரவாதம் தந்தால் அங்கே கேட்பது மனிதர் இல்லை. 2022இல் எனக்கு இதை யாராவது சொல்லியிருந்தால் அந்த 25,000க்குப் பாட்டுப் பதிய ஓர் ஓடியோ இன்டர்ஃபேஸ் வாங்கியிருப்பேன்.

இலங்கைக்குள் யாராவது ஏஜென்ட் என்று வந்து காசு வாங்கி மறைந்தால், கணினிப் பாதுகாப்பைக் கவனிக்கும் இலங்கை சேர்ட்டின் 101க்கு அழைக்கலாம். நான் அழைக்கவில்லை. வெட்கம்.

---

சீசன் கிட்டார் | ஞாயிறு, பகல் 12:10

தங்கச்சி, ஆவணி கடைசியில் நிலாவெளியில் ஒரு சின்ன இடத்தில் வாசிக்கிறேன். முப்பது கதிரைதான். இரண்டு பாட்டு நீங்கள் பாடலாம். மனேஜருக்கு எண் ஒன்றும் சொல்ல மாட்டேன், அந்த ஹோர்ன் பாட்டைப் போட்டுக் காட்டுகிறேன்.

---

உப்புவெளிக் குரல் | மூன்று வாரம் கழித்து, புதன், இரவு 9:45

கடைசி நிலவரம் எழுதாமல் விடக் கூடாது என்று வந்தேன்.

கடவுச்சொல்லை அன்றிரவே மாற்றினேன். நிறுத்தச் சொன்ன பிறகும் 640 வந்தது, பிறகு நின்றுவிட்டது. டிஸ்ட்ரிபியூட்டருக்கு நடந்ததை அப்படியே எழுதினேன். ஆறு நாள் கழித்துப் பதில்: இம்முறை எச்சரிக்கையோடு விடுகிறோம், அபராதம் இல்லை, மீண்டும் நடந்தால் பாட்டை எடுத்துவிடுவோம். 61 சதம் தப்பியது.

போன வாரம் எண் இறங்கத் தொடங்கியது. ஒரு காலையில் 11,000 போய் 2,000, மறுநாள் 388. அம்மாவிடம் சொன்னேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்ப அர்ச்சனை அந்த 388க்குத்தான் போயிருக்கு" என்றார். நான் அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை.

ஆடிப் பாட்டை ஏற்றிவிட்டேன். பிட்சும் அனுப்பியாயிற்று. ஆவணிக்கு நிலாவெளி வருகிறேன் அண்ணா, அம்மாவும் வருவார், கதிரை 31 போடுங்கள்.

மாமாவுக்கு "முப்பது விநாடி கேட்டால்தான் ஒரு ஸ்ட்ரீம் மாமா, நீங்கள் கேட்டாலே போதும்" என்று சொல்லியிருந்தேன். நேற்றுக் கிராஃபில் டொரொண்டோ திடீரென்று முதலிடம். ஒரே நாளில் எண் எகிறியிருந்தது. எனக்குக் கை நடுங்கிவிட்டது. அழைத்தால் மாமிதான் எடுத்தார். மாமா வேலைக்குப் போகும் முன் வீட்டில் இருந்த மூன்று போனிலும் பாட்டைத் திரும்பத் திரும்ப ஓட விட்டு, சத்தத்தைக் குறைத்து, குசினி மேசையில் வரிசையாக வைத்துவிட்டுப் போயிருக்கிறாராம். "தொடாதே, பிள்ளையின்ரை பாட்டு ஓடுது" என்று மாமிக்குக் கட்டளை.

மூன்றையும் நிறுத்துங்கள் மாமி என்றேன். ஒன்றை மட்டும் விடட்டா, சமைக்கும்போது கேட்க நல்லாயிருக்கு என்றார். சரி, சத்தத்தைக் கூட்டி வையுங்கள் என்றேன்.